வேண்டாம் என்று சொல்லாதவர்கள்

பாலா,

உன் சேகர் மாமாவின் இரண்டு சிறுநீரகங்களையும் கல்லீரலையும் கண்களையும் போன மாதம் தானமாகக் கொடுத்தோம். நம் இட்லி மாவு ஷெட்டில் டிரேக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவன் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மறுநாள் மூளைச்சாவு என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அவன் மனைவியாகக் கோமதி அத்தை சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள், நான் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். நடந்தது இவ்வளவுதான். நீ காரியத்துக்கு வந்து இருந்துவிட்டுப் போனாய். ஏர்போர்ட்டில் டிராலியைத் தள்ளிக்கொண்டே, "அம்மா, அந்த சிங்கப்பூர் பேப்பரை அனுப்பவா, வேண்டாமா? நீ சொல்றபடி செய்றேன்" என்று கேட்டாய். பின்னால் நின்ற டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். அதைச் சாக்காக வைத்துப் பதில் சொல்லாமல் உன்னை உள்ளே அனுப்பிவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலீஷில் வாட்ஸ்அப் அனுப்பினால் மெட்ரோவில் நின்றுகொண்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவாய். தமிழ் என்றால் நீ எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும், மெதுவாகத்தான் போவாய். எனக்கு அதுதான் வேண்டும். இதன் நகல் கோமதி அத்தைக்கும் ஆத்தூரில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கும் போகிறது. உனக்குச் சொல்வதை எல்லோரும் கேட்கட்டும். பின்னால் ஒருத்தரும் "எங்களுக்குத் தெரியாதே" என்று கையை விரிக்கக் கூடாது. அவர்களுக்காகத்தான் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் திரும்ப எழுதுகிறேன்.

உனக்கு சிங்கப்பூரில் பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்க அனுமதி, கிடைத்தபோது இங்கே அபார்ட்மென்ட் சொசைட்டி முழுக்க இனிப்புக் கொடுத்தேன். பின்னாலேயே உனக்கு ஒரு அறிவிப்பு வந்தது. அந்த ஊர்ச் சட்டப்படி, குடிமக்களும் பி.ஆர். வாங்கியவர்களும் இருபத்தொரு வயதைத் தாண்டியிருந்தால், அவர்கள் இறந்த பிறகு சிறுநீரகம், கல்லீரல், இதயம், கருவிழி எல்லாம் பிறருக்குப் பொருத்த எடுத்துக்கொள்ளப்படலாம். விருப்பமில்லாதவர் மறுப்பு எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாதவர் கொடுக்கச் சம்மதித்தவர் என்றுதான் கணக்கு. நீ அதைப் போனில் படித்து முடிக்கவிடாமல், "எழுதிக் குடுத்துடு. வேண்டாம்னு இன்னைக்கே எழுதிக் குடுத்துடு" என்றேன். "அம்மா, நான் இன்னும் சாகலம்மா" என்று சிரித்தாய். "சிரிக்காதடா. கேக்காம எடுத்துக்கறதுக்கு என்ன பேரு தெரியுமா? டெல்லியில அதுக்கு போலீஸ் ஸ்டேஷன் இருக்கு." உன் அப்பா போனை வாங்கி, மினிஸ்ட்ரியில் வாழ்நாள் முழுக்க ஃபைல் தள்ளிய குரலில், "அனுப்புறதா இருந்தா அக்னாலட்ஜ்மென்ட் வாங்கிக்கோ" என்று மட்டும் சொன்னார். நீயும் சரி சரி என்றாய். பேப்பரை நிரப்பி மேஜை டிராயரில் போட்டாய், அனுப்பவில்லை. நல்லவேளை, உனக்கும் என் தம்பி சேகர் சொன்ன அந்தச் சோம்பேறித்தனம் இருக்கிறது. அது என்ன என்று சொல்கிறேன்.

நீ பார்த்த சேகர் மாமா வேன் ஓட்டுகிறவர், உன்னை டியூஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வரும் வழியில் சமோசா வாங்கிக் கொடுத்துவிட்டு "அம்மாகிட்ட சொல்லாத" என்கிறவர். நான் பார்த்த சேகர் வேறு. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் சமையலறையில் ஒரு கிரைண்டரை வைத்து நான் இட்லி மாவு விற்க ஆரம்பித்த காலம் அது. அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வியாபாரம் செய்யக் கூடாது என்று உன் அப்பாவுக்கு நடுக்கம். கிரைண்டர் ஓடும்போதெல்லாம் டி.வி.யைச் சத்தமாக வைப்பார். டிசம்பர் வந்தால் டெல்லிக் குளிருக்கு மாவு பொங்காது. உனக்குப் போர்த்த வேண்டிய ரஜாயை மாவு டின்னுக்குப் போர்த்திவிட்டு, உனக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுத் தூங்க வைத்திருக்கிறேன். மாவு நன்றாகத்தான் இருந்தது. விற்பதுதான் பாடு. சாயங்காலம் பிளாக் பிளாக்காகப் போய்க் கதவைத் தட்டி, "நாளைக்கு மாவு வேணுமாங்க?" என்று கேட்பேன். "அவர் வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்பார் ஒருத்தர். "நாளைக்குப் பாக்கலாமே" என்பார் இன்னொருத்தர். மறுநாள் காலையில் அதே அம்மா பால் பூத்தில் என்னைப் பிடித்து, "ஒரு பாக்கெட் இருக்குமா? குழந்தைக்கு டிஃபனுக்கு ஒண்ணும் இல்ல" என்பார். அவர்களுக்கு மாவு வேண்டும். வேண்டும் என்று முடிவு செய்து வாயைத் திறந்து சொல்வதுதான் அவர்களுக்குச் சுமை. இது எனக்கு அப்போது புரியவில்லை, நான் பேசத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் டிப்ளமா முடித்துவிட்டு வேலை தேடி டெல்லிக்கு வந்த சேகர் ஒரு சாயங்காலம் என்னோடு பை தூக்கிக்கொண்டு வந்தான். திரும்பும் வழியில், "அக்கா, நீ கேக்கற கேள்வியே தப்பு" என்றான்.

"வேற எப்படிடா கேக்கறது? கால்ல விழுந்தா?"

"கேக்கவே கேக்காத. செவ்வாயும் சனியும் மாவு வரும், வேண்டாம்னா மட்டும் முதல் நாள் சொல்லுங்கன்னு சொல்லிடு. பால்காரன் தினமும் வேணுமா வேணுமான்னா கேக்கறான்? மனுஷனுக்கு வேணும்னு சொல்லவும் சோம்பேறித்தனம், வேண்டாம்னு சொல்லவும் சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனத்தை நம்ம பக்கம் திருப்பு."

அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சில் குவார்ட்டர்ஸ் சமையலறை மயூர் விஹார் ஷெட் ஆயிற்று, பிறகு துவாரகா வரைக்கும் வண்டி போயிற்று. நீ படித்த படிப்பும் அதில்தான் வந்தது. வாடிக்கையாளர் யாரையும் நாங்கள் ஏமாற்றவில்லை. வேண்டாம் என்று சொன்னவர் வீட்டில் மறு பேச்சுப் பேசியதில்லை, ஏன் என்று கேட்டதும் இல்லை. அவர்கள் மனதில் ஏற்கெனவே இருந்த சரி என்பதற்கு ஒரு வழி செய்து கொடுத்தோம், அதுதான் செய்தது.

ஆனால் சேகர் இன்னொன்றும் செய்தான். அதை என்னைப் போன்ற வியாபாரிகள் தாமாகச் செய்யமாட்டார்கள். மயூர் விஹாரில் ஒரு ஃபிளாட்டில், சனிக்கிழமை கதவில் மாட்டிய பை செவ்வாய்க்கிழமையும் அப்படியே தொங்கியது. நான் புதுப் பையை அதன் மேலேயே மாட்டப் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, அப்படியானால் போட வேண்டியதுதானே? "அக்கா, நில்லு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு பெல் அடித்தான். ரொம்ப நேரம் கழித்து அந்த வீட்டு அம்மா திறந்தார். தலை வாரவில்லை, கையில் ஒரு துணிப்பை. வீட்டுக்காரர் ஐ.சி.யூ.வில் இருந்தார், இவர் மாற்றுத் துணி எடுக்க வந்திருந்தார். கதவில் புளித்துத் தொங்குகிற மாவு அவர் கண்ணில் படவே இல்லை. அவருக்கு நமக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லத் தோன்றுமா? சேகர் பழைய பையைக் கழற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். வந்ததும் என்னிடம் சொன்னான்: "சொல்லலைன்னா வேணும்னு எடுத்துக்கறது சரிதான் அக்கா. ஆனா சொல்ற நெலமையில இருக்காங்களான்னு பாக்கறது நம்ம வேலை." அன்று முதல் ஷெட்டில் ஒரு சட்டம். பழைய பை தொங்கினால் பெல் அடிக்காமல் புதுப் பை மாட்டக் கூடாது. மாட்டிய டெலிவரி பையன்களை அவன் திட்டியிருக்கிறான் பார், கேட்டவர்கள் ஒருவாரம் பெல்லைத் தவிர வேறு எதையும் நினைக்கமாட்டார்கள்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அவன் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, கை சூடாக இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டே ஒருத்தன் போய்விட்டான் என்று எப்படி நம்புவது? டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூச்சு மெஷினுடையது, மூளை முழுக்க நின்றுவிட்டது, அது இனித் திரும்பாது என்றார். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். காதில் குளிர்ந்த தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். மெஷினை நிறுத்தி, தானாக ஒரு மூச்சாவது எடுக்கிறானா என்று பார்த்தார்கள். இடைவெளி விட்டு எல்லாவற்றையும் திரும்பவும் செய்தார்கள். இரண்டாவது முறையும் ஒன்றுமில்லை என்றானபோது உன் அப்பா சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, உன் வயதுதான் இருக்கும். உறுப்பு தானத்துக்கு கோஆர்டினேட்டர் என்றாள். எங்களை ஒரு அறையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, இந்தியில் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். நான் என்ன கேட்டேன் தெரியுமா? வாழ்க்கை முழுக்க உளுந்து மண்டியில் நின்றவள் கேட்கிறதைத்தான் கேட்டேன். "யாருக்கு? எவ்வளவுக்கு?" உன் அப்பா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அவள் முகம் மாறவில்லை, அக்கா என்கிற முறையில் தீதி என்றே கூப்பிட்டாள். "தீதி, இதில் விலை என்பதே கிடையாது. யாருக்குப் போகும் என்று இந்த நிமிடம் எனக்கே தெரியாது. வரிசையில் யார் இருக்கிறார், யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்பார்கள். அவர் பெயர் உங்களுக்கு வராது, உங்கள் பெயர் அவருக்குப் போகாது" என்றாள். "விலை இல்லாத சரக்கை நான் நம்பறதில்லை" என்றேன். "நம்ப வேண்டாம் தீதி. நீங்கள் வேண்டாம் என்றால் நான் எழுந்து போய்விடுவேன், அவருக்கான மரியாதையில் ஒன்றும் குறையாது" என்றாள். எத்தனையோ பேர் என்னிடம் எதையெதையோ விற்க வந்திருக்கிறார்கள். வேண்டாம் என்பதற்கான கதவை இவ்வளவு அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு பேசியவர் ஒருத்தரும் இல்லை. அந்தப் பெண்ணின் மேல் அங்கேயே எனக்கு மதிப்பு வந்துவிட்டது.

பிறகு அவள் கேட்டாள்: "அவர் எப்போதாவது இதைப் பற்றிப் பேசியிருக்கிறாரா? இருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். மயூர் விஹாரில் எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை மாவு வேண்டாம் என்று தெரிந்து வைத்திருக்கிற குடும்பம், இவனை ஒரு நாளும் கேட்டதில்லை. இந்த நாட்டில் சட்டம் அப்படி. உயிரோடு இருக்கும்போது தானே முன்வந்து எழுதி வைக்க வேண்டும், அப்படி எழுதி வைத்திருந்தாலும் கடைசியில் குடும்பத்தைக் கேட்பார்கள். எழுதி வைக்காதவன் விஷயத்தில் முழுச் சுமையும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் தலையில். "எழுத்துல ஒண்ணும் இல்ல. எழுத்துல இல்லாம நாம எப்படிச் சொல்றது?" என்றார் உன் அப்பா. எனக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தது. வேண்டாம் என்பது சுலபம், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

கோமதி சேகரின் வாட்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, அவரு வேண்டாம்னு சொல்லலியே" என்றாள்.

"வேணும்னும் சொல்லலியேம்மா."

"வேண்டாம்னு சொல்லாதவங்க வீட்டுக்கெல்லாம் இத்தனை வருஷமா மாவு போட்டாரு. அவரு கணக்குப்படியே பாருங்க."

"அவன் பெல்லும் அடிச்சானே கோமதி. சந்தேகம்னா பெல் அடிச்சு, ஆளைப் பாத்துட்டுத்தானே போட்டான்."

"பெல் அடிச்சாச்சு அண்ணி. நேத்துலேர்ந்து டாக்டருங்க அடிச்சுக்கிட்டேதான் இருக்காங்க. உள்ள யாரும் இல்ல."

நாங்கள் அழுதோம். கோமதி அழவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து இந்தியில், "முகத்துக்கு ஒன்றும் ஆகாதே?" என்று கேட்டாள். ஆகாது, பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது, நாங்களே சரியாகத் தைத்து மூடிக் கொடுப்போம் என்றாள் அவள். "சரி, பேப்பரைக் குடுங்க" என்றாள் கோமதி. அவளைக் கல்யாணம் பேசி முடித்தபோது பேசத் தெரியாத பெண் என்று நான் சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. எங்கள் குடும்பத்தில் அவளைவிடத் தெளிவாகப் பேசினவர் கிடையாது.

கையெழுத்துப் போட்ட கொஞ்ச நேரத்தில் ஆத்தூரிலிருந்து அவள் அண்ணன் போன். சத்தம் எனக்கே கேட்டது. "உடம்பைக் கிழிக்க விட்டியா? கண்ணை எடுத்தா அடுத்த பொறவியில குருடா பொறப்பாருடி!" கோமதி குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அடுத்த பொறவியிலயும் நான் கூட இருப்பேன் அண்ணா. கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். போனை வைங்க." அவர் பிறகு காரியத்துக்கு வந்தார், நீயும் பார்த்தாய். இப்போது ஊரில் எல்லோரிடமும் என் மச்சான் இத்தனை பேருக்கு உயிர் கொடுத்தார் என்று அவர்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். திரியட்டும். நமக்கு நல்லதுதான்.

அவனை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோன காலையை நீ பார்க்கவில்லை. உன் விமானம் அப்போதுதான் கிளம்பியிருந்தது. நடைபாதையின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். டாக்டர்கள், நர்ஸ்கள், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் துப்புரவு செய்கிறவர்கள், செக்யூரிட்டி, வேறு நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள்கூட. ஸ்ட்ரெச்சர் போகப்போக ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள். டெல்லியில் மாவு வண்டி ஓட்டுகிறவனுக்கு இந்த நகரம் என்ன மரியாதை கொடுக்கும் என்று உனக்குத் தெரியும். கேட்டில் நிறுத்துவார்கள், சர்வீஸ் லிஃப்டில் போ என்பார்கள், "ஏய் பையா, ஜல்தி" என்பார்கள். அதே நகரம் அவனுக்காக அன்று இரண்டு வரிசையாக நின்றது. சிறுநீரகம் ஒன்று வேறு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது, போலீஸ்காரர்கள் மற்ற வண்டிகளை நிறுத்தி ரோட்டில் வழி விட்டார்கள். வாழ்நாள் முழுக்க ஆசிரம் சௌக்கின் நெரிசல் சிக்னலில் நின்று சபித்தவன் அவன். உன் அப்பா, "இன்னைக்கு ஒரு சிக்னல்லயும் நிக்கல பாரு" என்றார். சிரித்துக்கொண்டே அழுதோம். சில நாள் கழித்து அந்த கோஆர்டினேட்டர் பெண் போன் செய்தாள். பொருத்திய உறுப்புகள் வேலை செய்கின்றன என்று சொன்னாள். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் சொல்லவில்லை. கோமதியும் கேட்கவில்லை.

இனி உன் பேப்பர். அந்த அறிவிப்பின் கடைசியில் ஒன்று இருந்தது, நீ போகிற போக்கில் படித்தாய். கொடுக்க மறுத்தவருக்கு நாளைக்கே ஒரு உறுப்பு தேவைப்பட்டால் அவருக்கு வரிசையில் பின்னால்தான் இடம் என்று. உன் அப்பா அநியாயம் என்றார். எனக்கு அன்றைக்கே அது மட்டும் உள்ளூரப் பிடித்திருந்தது, சொல்லத்தான் இல்லை. மண்டியில் உளுந்து தட்டுப்பாடு வந்தால் வியாபாரி யாருக்கு முதலில் மூட்டையை இறக்குவான்? சரக்கு மலிந்து கிடந்தபோதும் விடாமல் வாங்கினவனுக்கு. தேவைக்கு மட்டும் ஓடி வருகிறவனையும் அவன் விரட்டமாட்டான், ஓரமாக நில் என்பான். கொடுக்கத் தயாராக இருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கிற இருப்பு அது. இப்படி ஒரு சட்டத்தை எழுதினவர்களுக்கு வியாபாரம் தெரிந்திருக்கிறது, மனுஷனையும் தெரிந்திருக்கிறது. கேட்காமல் எடுக்கிறார்கள் என்று நான் கத்தினேனே, அதுவும் தவறு. உனக்குத் தெரியும்படி எழுதி, யோசிக்க வாழ்நாள் முழுக்க நேரம் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் மறுக்கலாம் என்கிறார்கள். திடகாத்திரமாக இருக்கும்போது உன்னையே கேட்கிறார்கள். இங்கே கோமதியைக் கேட்டது எப்போது? கையில் வாட்ச்சோடு உட்கார்ந்திருந்தபோது.

இங்கேயும் அந்தச் சட்டம் வர வேண்டுமா என்று நீ வாதத்துக்கு வருவாய். ஆசை இருக்கிறது, அவசரம் இல்லை. ஷெட்டில் வேலை செய்கிற பெண்களில் பாதிப் பேருக்கு பேங்கிலிருந்து வருகிற கடிதத்தை நான்தான் படித்துச் சொல்கிறேன். ஜுக்கிக் குடிசையில் இருக்கிறவர்கள், இன்றைக்கு ஒரு விலாசம், இடித்துவிட்டால் நாளைக்கு வேறு. அவர்களுக்கு ஒரு அறிவிப்பை அனுப்பிவிட்டு, பதில் வரவில்லை, ஆகவே சம்மதம் என்று எழுதிக்கொண்டால் அது பழைய பையின் மேல் புதுப் பையை மாட்டுகிற வேலை. முதலில் எல்லோருக்கும் புரிகிற மொழியில் போய்ச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காத அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணைப் போல ஆயிரம் பேர் வேண்டும். ஏழையின் உறுப்பு பணக்காரனுக்கு என்கிற பயம் ஜனங்களை விட்டுப் போக வேண்டும். அதெல்லாம் நடந்தால் நானே முதல் ஆளாகக் கொடி பிடிக்கிறேன். உன் ஊரில் அது நடந்திருக்கிறது. அதனால் அங்கே நீ அதற்குள் இருப்பது சரி.

இவ்வளவையும் எழுதி வைத்திருந்தேன். முடிக்க மட்டும் வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். கோமதி சொன்னது கணவனுக்காக. இது என் பிள்ளை. அந்த ஊரில் என்னைக் கேட்கமாட்டார்கள், தெரிவிப்பார்கள். ஆனால் கேட்டால் நான் என்ன சொல்வேன்? உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு யாரையும் கிட்டே விடமாட்டேன். அறிவு, நியாயம், மண்டி, உளுந்து எல்லாம் பறந்துபோய்விடும். வேண்டாம் என்றுதான் வாயில் வரும், அது என் பயம் சொல்வது, நான் சொல்வதல்ல. அதனால் புத்தி தெளிவாக இருக்கிறபோதே சொல்லிவிட வேண்டும் என்று பேனாவோடு உட்கார்ந்திருந்தேன், நேற்று மத்தியானம் நீயே கூப்பிட்டாய்.

"அம்மா, லெட்டர் எழுதறியாமே? அப்பா சொன்னாரு. எத்தனை பக்கம்? எனக்கு பயமா இருக்கு."

"படிக்கத்தானே போற? மாவா ஆட்டப் போற?"

"அச்சா, முடிவை மட்டும் சொல்லு. அனுப்பவா, வேண்டாமா?"

"அனுப்பாத. கிழிச்சுப் போடு."

"பக்கா?"

"பக்கா. ஆனா சும்மா இல்ல. ரெண்டு பக்கமும் ஒத்துக்கணும்."

"என்கிட்டயும் பேரமா!"

"உன்கிட்டதான்டா முதல்ல."

போனில் பேசினது காற்றோடு போகும். ஒத்துக்கொண்டதை எழுதிவிடுகிறேன். நீ அந்த மறுப்புப் பேப்பரை அனுப்பமாட்டாய். இங்கே நானும் அப்பாவும் தானத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். எங்கள் விஷயத்தில் கடைசியில் உன்னைத்தான் கேட்பார்கள். நீ யாரையும் கலந்து பேசாமல், எந்தச் சொந்தக்காரர் போனையும் எடுக்காமல், சரி என்று சொல்ல வேண்டும். எது உதவுமோ அதெல்லாம், மிச்சம் வைக்க வேண்டாம். யாருக்குப் போயிற்று என்று கேட்கக் கூடாது. உன் பக்கத்திலிருந்து நீ போட்ட நிபந்தனை, நாங்கள் இருவரும் பி.பி. மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது, கோமதி அத்தையைத் தனியாக இருக்க விடக் கூடாது. ஒத்துக்கொண்டேன். அவள் நேற்றே நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். உன் விஷயத்தில் என் சம்மதம் யாரும் கேட்காதது. இருந்தாலும் கொடுத்துவிட்டேன். விலை ஒன்றும் இல்லை. அதற்கு நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. உலகத்தை விட்டுப் போகிற வரிசையில் நான் முதலில், நீ ரொம்பப் பின்னால். இதில் பேரம் கிடையாது.

அம்மா